பெட்டிக்குள் இருந்து அழைத்தேன்

கசார்வாடி
நவம்பர் 3

அன்புள்ள வேதா,

ஒரே ஊருக்குள் இருந்துகொண்டு தபாலில் எழுதுகிறானே என்று நீ சிரிப்பாய். சிரிக்காமலும் போகலாம். போனில் பேசினால் நாம் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசுகிறோம். வியாழக்கிழமையும் அப்படித்தான் ஆயிற்று. நீ "ஏன்?" என்று கேட்டாய், நான் பிரேக்கைப் பற்றிச் சொன்னேன், நீ வைத்துவிட்டாய். கடிதம் என்றால் ஒருவர் முடித்த பிறகுதான் இன்னொருவர் தொடங்க முடியும். என் தமிழ் உனக்குத் தெரியும். இங்கே கேம்ப் பகுதித் தமிழ்ச் சபையில், ஞாயிறு பள்ளியில் கற்றுக்கொண்ட எழுத்து. பிழைகளைப் பொறுத்துக்கொள்.

தோள் எப்படி இருக்கிறது? காறை எலும்பு கூடிவருகிறது என்று உன் தங்கை கெசியா சொன்னாள். அவள் நர்ஸ் என்பதால் நம்புகிறேன். ஏரவாடாவிலிருந்து தினமும் வந்து உனக்குத் தலை வாரிவிடுகிறாளாமே, சந்தோஷம்.

நான் தேஜஸின் பட்டறை முற்றத்தில் கேரவனுக்குள் தங்கியிருக்கிறேன். தேஜஸைத் தெரியும் அல்லவா, என்னோடு ஃபேக்டரியில் இருந்தவன், இந்தக் கேரவனைக் கட்டிக்கொடுத்தவன். வீட்டை விட்டுப் போய்விட்டான் என்று நினைக்காதே. ஆஸ்பத்திரியில் வைத்து நீ "என் கண்ணு முன்னால நிக்காதிய" என்றாய். அதனால் நிற்கவில்லை.

நடந்ததை வரிசையாக எழுதிப் பார்க்கிறேன். உனக்குத் தெரியாதது எதுவும் இதில் இல்லை. எனக்குத்தான் தெளிவில்லை.

ஜனவரியில் உன் அண்ணன் மகள் கல்யாணத்துக்குப் பாளையங்கோட்டை போக வேண்டும். அதற்கு முன்னால் ஒரு நாள் பழகிப் பார்க்கலாம் என்று சாஸ்வட் வரை போனோம். பிக்கப் வண்டியில் நான். பின்னால் மாட்டிய கேரவனுக்குள் நீ. போகும்போது ஏற்றம், ஒரு குறையும் இல்லை. திரும்பும்போது திவே காட் மலைப்பாதை இறக்கத்தில் ஒரு வளைவு தாண்டியதும் யாரோ முதுகில் கை வைத்துத் தள்ளுவது போல் கேரவன் தள்ளியது. பிறகு வாலை ஆட்டத் தொடங்கியது. கண்ணாடியில் ஒரு நேரம் தெரிந்தது, அடுத்த நேரம் காணோம், மறுபடியும் தெரிந்தது. அப்புறம் எப்படியோ அடங்கி, ஓரமாக நின்றது. நான் ஓடிவந்து கதவைத் திறந்தபோது நீ தண்ணீர்த் தொட்டிக்கடியில் கிடந்தாய்.

"எப்படியோ" என்று எழுதிவிட்டேன். அந்தச் சொல்தான் என்னைத் தூங்கவிடவில்லை.

ஸ்டியரிங்குக்கு இடது பக்கம், டாஷ்போர்டுக்குக் கீழே ஒரு சின்னக் கறுப்புப் பெட்டி இருக்கிறதே, அதுதான் பிரேக் கன்ட்ரோலர். நான் பிக்கப்பின் பிரேக்கை மிதித்தால் அது கேரவன் சக்கரங்களுக்குக் கரண்ட் அனுப்பும், அங்கேயும் பிரேக் பிடிக்கும். எவ்வளவு அனுப்ப வேண்டும் என்று நாம்தான் திருகி வைக்க வேண்டும். குறைவாக வைத்தால் கேரவன் முன்வண்டியைத் தள்ளும். அதிகமாக வைத்தால் சக்கரம் பூட்டிக்கொண்டு ரோட்டில் தேயும். அதே பெட்டியில் ஒரு சின்ன லீவரும் உண்டு. கையால் அதைத் தள்ளினால் கேரவன் மட்டும் பிரேக் பிடிக்கும், பிக்கப் பிடிக்காது.

நான் நாலாம் நம்பரில் வைத்திருந்தேன். சோதித்துத்தான் வைத்தேன், சரியாகவே இருந்தது. பிறகு ஏன் தள்ளியது? இதைக் கண்டுபிடிக்காமல் உன் முன்னால் வந்து என்ன சொல்வேன்?

மாத்திரைகளை நேரத்துக்குப் போடு.

டக்ளஸ்


வானவடி
நவம்பர் 7

அத்தானுக்கு,

"அன்புள்ள" என்று போட வரவில்லை. பொய் எழுத வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

இடது கையைக் கட்டிப் போட்டிருக்கிறார்கள், வலது கை எழுதுகிறது. டியூஷன் பிள்ளைகள் வருகிறார்கள். "ஆன்ட்டி, எப்படி விழுந்தீங்க?" என்று ஹிந்தியில் ஒன்று, மராத்தியில் ஒன்று கேட்கிறது. பாத்ரூமில் என்று சொல்லிவைத்திருக்கிறேன். ஓடுகிற வண்டிக்குப் பின்னால் கட்டிய பெட்டிக்குள் என்று சொன்னால் நம்பவா போகிறார்கள்?

உங்கள் கடிதத்தில் எத்தனை பிரேக் இருக்கிறது என்று எண்ணத் தொடங்கினேன், அலுத்துவிட்டது. அது போகட்டும். நான் கேட்ட கேள்வி அதில் எங்கே இருக்கிறது?

நான் பிரேக்கைப் பற்றிக் கேட்கவே இல்லை. உள்ளே இருந்து இரண்டு தடவை உங்களுக்குப் போன் போட்டேன். இறக்கம் தொடங்கும்போது ஒரு தடவை. பெட்டி ஆடும்போது ஒரு தடவை. இரண்டு தடவையும் மணி அடித்து அடித்து நின்றது. ஏன் எடுக்கவில்லை? இதுதான் கேள்வி. ஆஸ்பத்திரியிலும் இதைத்தான் கேட்டேன். நீங்கள் டாக்டரிடம் கேரவனின் எடை எவ்வளவு என்று சொல்லிக்கொண்டிருந்தீர்கள்.

நமக்கு நடுவே ஒரு தகரச் சுவர், ஒரு இரும்புக் கம்பி. அவ்வளவு பக்கத்தில் இருந்த மனிதரைக் கூப்பிட்டும் அவர் எடுக்கவில்லை. அந்த நேரத்தில் என் மனசில் என்னென்ன ஓடியது என்று எழுதினால் உங்களுக்குத் தாங்காது.

கெசியா என்ன சொல்லுகிறாள் தெரியுமா? "ஓடுற வண்டியில பின்னால ஆளை ஏத்தலாமாக்கா? கேரவன் ஓட்டுத வெளிநாட்டுக்காரனே ஏத்த மாட்டான். ரெண்டு பேருக்கும் கூறு இல்லியா?" என்று கேட்டாள். உங்களிடம் பதில் இருக்கிறதா?

பாளையங்கோட்டையிலிருந்து அண்ணன் போன் செய்தான். கல்யாணத்துக்கு வருகிறோமா என்று கேட்டான். தெரியாது என்றேன். அதுதான் உண்மை.

வேதமணி


கசார்வாடி
நவம்பர் 11

அன்புள்ள வேதா,

உன் கடிதம் வந்தது. அதைப் பற்றிக் கீழே எழுதுகிறேன். முதலில் ஒரு முக்கியமான விஷயம்.

ஞாயிற்றுக்கிழமை காலை, மூடிக்கிடக்கிற ஒரு கம்பெனிக்குப் பின்னால் இருக்கும் நேர் ரோட்டில், கேரவனை மாட்டிக்கொண்டு நானும் தேஜஸும் சோதித்தோம். கன்ட்ரோலரோடு வந்த புத்தகம் அமெரிக்காவில் எழுதியது. இத்தனை மைல் வேகத்தில் போ, லீவரை முழுவதும் தள்ளு, சக்கரம் பூட்டிக்கொண்டால் நம்பரைக் குறை, பூட்டாவிட்டால் கூட்டு, பூட்டுவதற்குக் கொஞ்சம் முன்னால் நிறுத்து என்கிறது. கேட்க எளிது. மைலைக் கிலோமீட்டராக மாற்றி நாற்பதில் போனேன். மூன்றில் ஒன்றும் ஆகவில்லை. ஏழில் சக்கரங்கள் பூட்டிக்கொண்டு ரோட்டில் இரண்டு கறுப்புக் கோடுகள். சரி, ஐந்து என்று வைத்தால் முதல் தடவை பிடிக்கவில்லை, மூன்றாம் தடவை அதே ஐந்தில் நன்றாகப் பிடித்தது. தேஜஸ் ஒவ்வொரு தடவையும் "படா, படா" என்று கூட்டச் சொன்னான், அடுத்த நிமிஷம் "கம் கர்" என்று குறைக்கச் சொன்னான். மதியம்தான் புத்தகத்தின் வேறொரு மூலையில் பார்த்தேன்: பிரேக் சூடான பிறகுதான் நம்பர் வைக்க வேண்டுமாம். அதை முதல் பக்கத்தில் போட்டால் என்ன?

பிறகு ஒரு வரியைப் படித்து அப்படியே உட்கார்ந்துவிட்டேன். கேரவனின் பாரம் மாறினால் நம்பரையும் மாற்ற வேண்டும். வேதா, நான் நாலில் வைத்தது வெறும் கேரவனை வைத்து. உள்ளே எதுவும் இல்லாத நாள் அது. சாஸ்வட் போன அன்றைக்குக் கட்டில், பாத்திரம், நீ எல்லாம் இருந்தது. அதெல்லாம் பெரிய பாரம் இல்லை. ஆனால் தண்ணீர்த் தொட்டி விளிம்பு வரை நிரம்பியிருந்தது! நான் நிரப்பவில்லை. யார் நிரப்பியது? கொஞ்சம் யோசித்து எழுது. இது தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும்.

போனைப் பற்றிக் கேட்டிருந்தாய். எழுத உட்கார்ந்து மூன்று தாளைக் கிழித்துவிட்டேன். அந்த நேரத்தில் என் கை எங்கே இருந்தது, கால் எங்கே இருந்தது என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை. தெரியாததை எழுதி உன்னிடம் மாட்டிக்கொள்ளப் பயமாக இருக்கிறது. கொஞ்சம் பொறு.

டக்ளஸ்


வானவடி
நவம்பர் 14

அத்தானுக்கு,

நான்தான் நிரப்பினேன்.

போதுமா? பாதிக் குழப்பம் தீர்ந்ததா? தேஜஸையும் கூப்பிட்டுச் சொல்லுங்கள்: குற்றவாளி அகப்பட்டாள், தண்ணீர் பிடித்தாள்.

எனக்கு எவ்வளவு தண்ணீர் வேண்டும் என்று உங்களுக்குத் தெரியாதா? பெருங்குடலில் புண் என்று டாக்டர் சொல்லி ஒன்பது வருஷம் ஆகிறது. இந்த ஒன்பது வருஷத்தில் நான் ரயிலில் ஏறவில்லை, பஸ்ஸில் ஏறவில்லை. அப்பா அடக்கத்துக்குக்கூடப் போக முடியவில்லை. கழிவறை எத்தனை அடி தூரத்தில் இருக்கிறது என்று பார்க்காமல் எந்த வீட்டிலும் உட்கார மாட்டேன். தண்ணீர் தீர்ந்துபோனால் என்ன செய்வது என்ற பயத்தில் நீங்கள் குளிக்கப் போயிருந்தபோது குழாயைப் போட்டு நிரப்பினேன். சொல்ல வேண்டும் என்றே தோன்றவில்லை. தண்ணீர் பிடிப்பதைக் கூடவா சொல்வார்கள்?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பெட்டிக்குள் உட்கார நான் ஏன் சம்மதித்தேன் என்று நினைக்கிறீர்கள்? வசதி என்றா? இரண்டு வருஷத்துக்கு முன்னால் மகாபலேஷ்வருக்குக் கிளம்பிப் பாதியில் திரும்பினோமே, அன்றைக்குப் பத்துத் தடவையாவது உங்களை நிறுத்தச் சொல்லியிருப்பேன். கடைசியில் "இப்பத்தான நிறுத்துனோம்?" என்று கேட்டீர்கள். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. சாதாரணமாகத்தான் கேட்டீர்கள். அடுத்த மாதமே கேரவன் கட்டுவதைப் பற்றிப் பேச ஆரம்பித்தீர்கள். சரி, இனிமேல் இவளை நிறுத்தச் சொல்ல விடாமல் பின்னால் ஒரு பெட்டியில் வைத்து மூடிவிடுகிறார் என்று எனக்குப் பட்டது. எல்லாரும் உங்களை மெச்சினார்கள். பெண்டாட்டிக்காக வீடே கட்டி இழுத்துக்கொண்டு போகிறான் என்று. நானும் சிரித்தேன். பெட்டிக்குள் ஏறியும் உட்கார்ந்தேன்.

அன்றைக்கு இறக்கத்தில் முதலில் போன் போட்டது வயிற்றுக்காக இல்லை. பெட்டி லேசாக வலதும் இடதுமாக நெளிந்தது. பயமாக இருந்தது. முன்னால் வந்து உங்கள் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன் என்று சொல்லத்தான் கூப்பிட்டேன். நீங்கள் எடுக்கவில்லை. பிறகு கட்டிலிலிருந்து விழுந்தேன், தொட்டியின் மூலை தோளில் இடித்தது. தரையில் கிடந்தபடியே மறுபடியும் கூப்பிட்டேன். காது தரையில் அழுந்தியிருந்தது. ஒரு பக்கம் உங்கள் போனுக்கு அடிக்கிற மணி, இன்னொரு பக்கம் தரைக்கு அடியில் கரண்ட் கம்பம் இரைவது போல ஒரு சத்தம், உம்ம்ம் என்று விடாமல். அந்த இரைச்சல் வந்த பிறகு பெட்டி ஆடுவது குறைந்தது. பிறகு நின்றது.

இதையும் உங்கள் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். எனக்கு இதில் ஒன்றும் விளங்கவில்லை.

வேதமணி


கசார்வாடி
நவம்பர் 16

வேதா,

இதைத் தபாலில் போடவில்லை. கெசியா டியூட்டிக்குப் போகும் வழியில் வாங்கிக்கொள்வாள். நாளைக்கே உனக்குக் கிடைக்க வேண்டும்.

அந்த இரைச்சல் முன்னே வந்ததா, ஆட்டம் நின்ற பிறகு வந்ததா? நீ எழுதியிருப்பதைப் பத்துத் தடவை படித்துவிட்டேன். "அந்த இரைச்சல் வந்த பிறகு பெட்டி ஆடுவது குறைந்தது." அப்படித்தானே?

ஏன் கேட்கிறேன் என்றால், அது கேரவனின் பிரேக் சத்தம். கரண்ட் போகும்போது சக்கரத்துக்குள் இருக்கும் காந்தம் அப்படித்தான் இரையும். உன் கடிதம் வந்ததும் வண்டியை நிற்க வைத்து, தேஜஸை லீவரைத் தள்ளச் சொல்லி, நான் உள்ளே தரையில் காதை வைத்துப் படுத்துக் கேட்டேன். கரண்ட் கம்பம்தான். வேறு எப்படியும் சொல்ல முடியாது.

இத்தனை நாளாக என் தலைக்குள் ஓடியதைச் சொல்கிறேன். பின்வண்டி வாலாட்டினால் பிக்கப்பின் பிரேக்கை மிதிக்கக் கூடாது. மிதித்தால் முன்வண்டி மெதுவாகும், பின்வண்டி வந்து மோதி இன்னும் மோசமாக ஆடும், குறுக்கே மடங்கிவிடும். செய்ய வேண்டியது காலை எடுத்துவிட்டு, லீவரைக் கையால் தள்ளிப் பின்வண்டியை மட்டும் பிடிப்பது. அப்போது அது பின்னாலிருந்து இழுபட்டு நேராகும். இதை நான் படித்திருந்தேன். ஆனால் அன்றைக்கு எதைச் செய்தேன்? காலால் மிதித்தேனா, கையால் தள்ளினேனா? கண்ணாடியில் கேரவன் காணாமல் போனது ஞாபகம் இருக்கிறது. அடுத்த ஞாபகம் உன் முகம். நடுவில் ஒன்றுமே இல்லை, வேதா. உன்னைக் கொல்லப் பார்த்தது நான்தானோ, தப்பித்தது வெறும் அதிர்ஷ்டமோ என்று இந்தக் கேரவனுக்குள் படுத்து யோசித்து யோசித்துப் பைத்தியம் பிடித்தது போல இருந்தேன்.

மிதிக்கும்போதும் அந்தச் சத்தம் வரும், அதையும் பார்த்துவிட்டேன். ஆனால் நிற்கிற வண்டியில் மிதித்தால் மெல்லிசாக, கேட்டும் கேட்காமலும் வருகிறது. லீவரைத் தள்ளினால்தான் விடாமல் பெரிதாக இரைகிறது. ஓடுகிற வண்டியில் எப்படி என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஆனாலும் என் இடது கை அதில்தான் இருந்திருக்க வேண்டும். உன் இரண்டாவது போனை ஏன் எடுக்கவில்லை என்றால் அதுதான் காரணம். அந்தக் கையை எடுக்க முடிந்திருக்காது.

முதல் போன் வேறு. அது அடித்தது, உன் பெயரைப் பார்த்தேன். வயிறாக இருக்கும் என்று நினைத்தேன். அங்கே நிறுத்த இடமில்லை, பின்னால் லாரி, கீழே இறங்கியதும் உடனே நிறுத்திவிடலாம், அதற்குள் என்ன, உனக்குப் பக்கத்திலேயே கழிவறை இருக்கிறதே என்று நினைத்தேன். இதற்காகத்தானே கட்டினோம் என்றும் நினைத்தேன். நீ பயந்து கூப்பிடுவாய் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

தொட்டியை நிரப்பியது உன் தப்பு இல்லை. யார் நிரப்பியது என்று நான் கேட்ட விதம் தப்பு. தொட்டியை எங்கே வைத்தேன் தெரியுமா? கழிவறை பின்னால் இருக்கிறது, குழாய் நீளம் மிச்சம் என்று சக்கரத்துக்கும் பின்னால், கடைசி மூலையில் வைத்தேன். நிரம்பினால் பின்பாரம் இறங்கும், முன்பக்கம் லேசாகும், அதனாலும் வாலாட்டும். வெறும் தொட்டியோடு நம்பர் வைத்ததும் நான், பின்னால் வைத்ததும் நான். நீ தண்ணீர்தான் பிடித்தாய்.

மகாபலேஷ்வர் வழியில் அப்படிக் கேட்டேனா? எனக்கு ஞாபகமே இல்லை. நீ முகத்தைத் திருப்பி ஜன்னல் பக்கம் வைத்துக்கொண்டாய் என்பது மட்டும் ஞாபகம் இருக்கிறது. வலிக்கிறது போல என்று நினைத்தேன். நீ இனி யாரிடமும் கேட்காமலே போய்வரட்டும் என்றுதான் கேரவன். உன்னை அடைத்து வைக்கவா கட்டினேன்? நீ அப்படி நினைத்துக்கொண்டேவா அதற்குத் திரைச்சீலை தைத்தாய்?

டக்ளஸ்


வானவடி
நவம்பர் 19

அத்தானுக்கு,

இரைச்சல் முன்னே. ஆட்டம் குறைந்தது பின்னே. அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. எலும்பு முறிந்த அன்றைக்குக் கேட்டது மறக்குமா?

உங்கள் கடிதத்தைக் கெசியா கொண்டுவந்து கொடுத்துவிட்டு, நான் படித்து முடிக்கும் வரை சமையற்கட்டில் நின்றாள். "என்னக்கா சொல்லுதாரு?" என்றாள். "காந்தம் இரையுதாம்" என்றேன். "அழுகியா, சிரிக்கியா?" என்று கேட்டாள். எனக்கே தெரியவில்லை.

உங்கள் மேல் இன்னும் கோபமாக இருக்க வேண்டுமா என்று யோசிக்கிறேன். கையை எடுக்காமல் நீங்கள் என்னைக் காப்பாற்றியிருக்கிறீர்கள். அதே நேரத்தில் நான் தரையில் கிடந்து, இந்த மனிதர் நான் செத்தாலும் போனை எடுக்க மாட்டார் என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன். இரண்டும் ஒரே நிமிஷத்தில். இதில் எதைப் பிடித்துக்கொள்வது?

முதல் போன்தான் உறுத்துகிறது. நான் கூப்பிட்டால் வயிறு. அவ்வளவுதானா? கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் நான் வேறெதற்கும் உங்களைக் கூப்பிட்டதில்லையா? நிலா பெரிதாக இருக்கிறது, வந்து பாருங்கள் என்று மாடியிலிருந்து கூப்பிட்டால்கூட மாத்திரையைக் கையில் எடுத்துக்கொண்டுதான் வருவீர்களோ? உங்களை மட்டும் குற்றம் சொல்லவில்லை. நானும் ஒவ்வொரு பேச்சையும் வயிற்றிலேயே கொண்டுபோய் முடிக்கப் பழகிவிட்டேன் போலிருக்கிறது.

திரைச்சீலையைப் பற்றிக் கேட்டீர்கள். இரண்டும்தான். அடைக்கிறார் என்று நினைத்துக்கொண்டேதான் தைத்தேன். நீங்கள் அளவெடுத்துக் கொண்டுவந்து கொடுத்தபோது உங்கள் முகம் இருந்த விதத்தில் தைக்காமல் இருக்கவும் முடியவில்லை.

அந்த வண்டியை நான் பார்க்க வேண்டும். உள்ளே ஏற மாட்டேன். எந்தக் கறுப்புப் பெட்டி, எந்த லீவர் என்று கண்ணால் பார்த்தால்தான் எனக்கு விளங்கும். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஆட்டோவில் வருகிறேன். தேஜஸ் வீட்டுக் கழிவறையைத் திறந்து வைத்திருக்கச் சொல்லுங்கள்.

வேதமணி


கசார்வாடி
நவம்பர் 24

அன்புள்ள வேதா,

நேற்று நீ ஆட்டோவில் ஏறியபோது "வாறேன்" என்றாய். வருகிறேன் என்றால் பாளையங்கோட்டைக்கா, வெறுமனே போய்வருகிறேன் என்றா? வண்டி திருப்பத்தில் மறைகிற வரைக்கும் யோசித்துக்கொண்டே நின்றேன். நீ என்ன சொன்னாய் என்று தேஜஸ் கேட்டான், "க்யா போலி?" நான், "பதா நஹி", தெரியாது என்றேன்.

நீ வருவதற்கு முன்னால் தொட்டியைக் கழற்றிச் சக்கரத்துக்கு முன்பக்கம் மாற்றியிருந்தோம், அதைக் காட்டினேன். நீ தலையை ஆட்டினாய். தொட்டியை நீயே நிரப்பினாய், விளிம்பு வரை. நான் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு பிக்கப்பின் முன் சீட்டில், என் இடது பக்கம் ஏறி உட்கார்ந்து, "அந்த லீவரை நான்தான் தள்ளுவேன்" என்றாய். கட்டாத கை வலது கை, லீவரும் அந்தப் பக்கம். கையை அதில் வைத்துக்கொண்டு நேராக ரோட்டைப் பார்த்தாய்.

அதே கம்பெனி ரோட்டில், நாலில் வைத்து நாற்பதில் போய் "இப்போ" என்றேன். தள்ளினாய். வண்டி போய்க்கொண்டே இருந்தது. "இதுதான் அன்னைக்கு வெச்சிருந்த நம்பரா?" என்று கேட்டாய். ஆமாம் என்றேன். நீ திட்டியிருந்தால் பரவாயில்லை போல இருந்தது. ஐந்தரைக்கு வந்தபோதுதான் யாரோ சட்டையைப் பின்னாலிருந்து பிடித்து நிறுத்துவது போல நேராக நின்றது. கோடு விழவில்லை, ஆடவில்லை.

நின்ற பிறகும் நீ லீவரை விடவில்லை. பின்னால் காந்தம் இரைந்துகொண்டே இருந்தது. "விடு வேதா, நின்னாச்சு" என்றேன். "நின்னுட்டுன்னு எனக்கு எப்பிடித் தெரியும்?" என்றாய். வண்டி நிற்பது கண்ணுக்குத் தெரிகிறதே என்று சொல்ல வாயெடுத்தேன். நல்லவேளை, சொல்லவில்லை. உன் முகத்தைப் பார்க்கலாமா கூடாதா என்றும் தெரியவில்லை. பின்னால் ஒரு டெம்போக்காரன் ஹாரன் அடித்தான்.

இப்போது கேட்க வேண்டியதைக் கேட்கிறேன். ஒருவர் இந்தக் கேரவனைக் கேட்கிறார், ரோட்டோரம் நிறுத்தி வடாபாவ் கடை போடுவதற்கு. சக்கரமே சுற்ற வேண்டாம் அவருக்கு. உனக்கு இதைப் பார்த்தாலே அந்த நாள் ஞாபகம் வருமென்றால் கொடுத்துவிடுகிறேன். எனக்கு வருத்தம் இருக்காது என்று எழுத நினைத்தேன். இருக்கும். ஆனாலும் கொடுத்துவிடுவேன். அப்புறம் கல்யாணத்துக்கு எப்படிப் போவது என்று எனக்குத் தெரியாது. வைத்துக்கொள்வதென்றால், ஓடும்போது நீ உள்ளே இருக்கப்போவதில்லை. இது நான் முடிவு செய்தது. அப்படியானால் இத்தனை பாடுபட்டு எதற்காக இழுத்துக்கொண்டு போகிறோம் என்றும் விளங்கவில்லை.

நீயே சொல். கொடுக்கவா, வேண்டாமா?

டக்ளஸ்


வானவடி
நவம்பர் 27

அன்புள்ள அத்தான்,

"வாறேன்" என்றால் வாறேன்தான். எங்கே என்று அப்போது எனக்கும் தெரியாது. ஆட்டோ பழைய ஹைவேயில் ஏறிய பிறகுதான் யோசித்தேன். பாதி வழியில் ஒரு ஹோட்டலில் நிறுத்தச் சொன்னேன். டிரைவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இறங்கிப் போய்வந்தேன், மறுபடி ஏறினேன். மீட்டர் ஓடியது, அவ்வளவுதான். ஊரெல்லாம் நின்று நின்றுதான் போகிறது போலிருக்கிறது. நான்தான் என்னமோ உலகத்தையே நிறுத்திவிட்டது போல இத்தனை வருஷம் கூசிப்போயிருந்தேன்.

கேரவனைக் கொடுக்க வேண்டாம். அதில் வடாபாவ் சுட்டால் என் திரைச்சீலையெல்லாம் எண்ணெய் ஆகும்.

எதற்காக இழுத்துக்கொண்டு போவது என்று கேட்டீர்கள். வண்டி நின்ற பிறகு நான் போவதற்கு ஒரு இடம் வேண்டாமா? ஓடும்போது முன் சீட்டு, நின்றபின் பின்பெட்டி. இது ஏன் முதலிலேயே நமக்குத் தோன்றவில்லை என்று கெசியா தலையில் அடித்துக்கொள்கிறாள். எனக்குத் தோன்றாததற்குக் காரணம் தெரியும். முன்னால் உட்கார்ந்தால் நிறுத்துங்கள் என்று வாயைத் திறந்து கேட்க வேண்டும். உங்களுக்குத் தோன்றாததற்குக் காரணம் என்ன என்று நீங்கள் யோசித்துக்கொள்ளுங்கள், எனக்கு எழுத வேண்டாம். பதில் எனக்குப் பிடிக்காமல் போகலாம்.

திவே காட் என்று நினைத்தாலே இன்னும் பயமாக இருக்கிறது. பாளையங்கோட்டை வரைக்கும் எத்தனை இறக்கம் இருக்கிறதோ, ஒவ்வொன்றிலும் என்ன ஆவேனோ தெரியாது. பாதியில் திரும்பச் சொன்னாலும் சொல்வேன். கல்யாணத்துக்குப் போய்ச் சேர்வோமா என்பதே நிச்சயமில்லை. அண்ணனிடம் "கிளம்புதோம், வந்தா வருவோம்" என்று சொல்லியிருக்கிறேன். அவனுக்கும் ஒன்றும் புரியவில்லை.

நீங்கள் வீட்டுக்கு வாருங்கள். தேஜஸின் முற்றத்தில் கொசு அதிகம், அன்றைக்கே பார்த்தேன். உங்கள் கழுத்தெல்லாம் தடிப்பு.

ஜனவரியில் கிளம்பும்போது ஒன்றை மட்டும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள். நான் அடிக்கடி நிறுத்தச் சொல்வேன். சில தடவை வயிற்றுக்காக இருக்கும். சில தடவை பயத்துக்காக. சில தடவை ஒன்றுமே இருக்காது, சும்மா இறங்கி ரோட்டோரம் நின்றுவிட்டு ஏறிக்கொள்வேன். எது எதற்காக என்று சொல்ல மாட்டேன். நீங்கள் நிறுத்தினால் போதும்.

வேதா